"கையை வைத்துவிட்டுப் போகிறார், இது என்ன பிசியோதெரபி?"

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 23 நாள் ஆகிறது. பிரஷர் ஏறிவிட்டதால் 30 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறந்தபோது 1,260 கிராம், இப்போது 1,450. மூச்சுக்கு வைத்திருந்த சிபாப்பை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. பால் இன்னும் ட்யூப் வழியாகத்தான். தலை ஸ்கேன் நார்மல் என்றார்கள். நான் டிஸ்சார்ஜ் ஆகி, தினமும் வியாசர்பாடியிலிருந்து போய் வருகிறேன். என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஒரு பிசியோ அக்கா காலையில் வருகிறார். குழந்தையின் தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை வைத்து அப்படியே நிற்கிறார். சில நாள் கை காலை மெதுவாக மடக்கி நீட்டுகிறார். சில நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம், தூங்கட்டும்" என்று போய்விடுகிறார். இதற்குப் பில்லில் தனியாகத் தொகை வருகிறது. என் மாமியாரோ, "எங்க ஊர்ல எண்ணெய் தேய்ச்சு, கை காலை உருவி, தலைகீழாப் பிடிச்சு உதறுவாங்க, பிள்ளை கல்லு மாதிரி ஆயிடும்" என்கிறார். எதிர் வீட்டுக் குழந்தைக்கு நெஞ்சைத் தட்டிச் சளி எடுத்தார்களாம். இங்கே அதுவும் இல்லை. கணவர் கறுப்பு வெள்ளை அட்டைகளும் பாட்டுப் பாடும் பொம்மையும் ஆர்டர் போட்டிருக்கிறார். எக்சர்சைஸை அதிகப்படுத்தச் சொல்லிக் கேட்கலாமா? நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், நீங்கள் குறையாக எழுதியிருக்கும் இடம்தான். "இன்னைக்கு வேண்டாம், தூங்கட்டும்." அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். பார்த்த நாளும் பார்க்காத நாளும் ஒரே மாதிரி பில் வருகிறதா என்று கணக்குப் பிரிவில் தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அவரிடம் போய் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நானும் இதே வேலை செய்கிற பிசியோதான், ஏன் என்று சொல்கிறேன்.

கர்ப்பக் கணக்கில் உங்கள் மகளுக்கு இன்று 33 வாரம், 2 நாள். இன்னும் 7 வாரம் அவள் உங்கள் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவள். அங்கே எப்படி இருந்திருப்பாள்? முழங்கால் வயிற்றோடு ஒட்டி, கை இரண்டும் முகத்துக்குப் பக்கத்தில், முதுகு வளைந்து. காலை உதைத்தால் கர்ப்பப்பைச் சுவர் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் கால் எங்கே முடிகிறது, தான் எதுவரை இருக்கிறோம் என்பதையே அவள் தெரிந்துகொள்வாள். இருட்டு. வெதுவெதுப்பு. நீங்கள் நடக்கும்போதெல்லாம் ஆட்டம். உங்கள் குரல் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி மங்கலாக.

இப்போது வார்மரில், அந்தச் சூடு தரும் படுக்கையில், கிடப்பதைப் பாருங்கள். தசையில் இழுத்துப் பிடிக்கிற தெம்பு வரும் முன்பே பிறந்துவிட்டவள். சும்மா மல்லாக்கப் படுக்க வைத்தால் கை இரண்டும் தோளுக்கு மேலே விரிந்துவிடும், கால் தவளை மாதிரி வெளியே சாய்ந்துவிடும். உதைத்தால் காலில் எதுவும் தட்டுப்படாது. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் தோள் பின்னால் இழுத்துக்கொண்டு, பிறகு கையை நடுவில் கொண்டுவந்து விரலைச் சப்பவே திணறுவாள். தலை ஒரு பக்கம் தட்டையாகும். அதனால்தான் துணியைச் சுருட்டி அவளைச் சுற்றி ஒரு கூடு மாதிரி கட்டி வைத்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். பாதம் அந்தத் துணிச்சுருளில் போய் முட்ட வேண்டும், கை வாய்க்கு எட்ட வேண்டும், கழுத்து மடங்காமல் இருக்க வேண்டும். எங்கள் வேலையில் பாதி இந்தக் கூடுதான். அடுத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கொடுக்கும்போதே பக்கம் மாற்றிவிட வேண்டும், அதற்கென்று தனியாக எழுப்பக் கூடாது. இதெல்லாம் பார்ப்பதற்கு பிசியோதெரபி மாதிரியே இருக்காது. மாமியார்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். 31 வாரத்தில் பிறந்த பையன் ஒருவன். ஒவ்வொரு மூட்டுக்கும் 10 தடவை என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். வலது கை முடித்து இடது கைக்குப் போனபோது கொட்டாவி விட்டான். தூக்கம் என்று நினைத்தேன். ஐந்து விரலையும் விறைப்பாக விரித்தான். நல்ல அசைவு என்று குறித்துக்கொண்டேன். விக்கல் வந்தது. முகத்தைத் திருப்பினான். எனக்கு இன்னும் 4 தடவை பாக்கி இருந்தது. மானிட்டர் கத்தியபோது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 82 சதவீதம், உதட்டைச் சுற்றிக் கருநீலம். பக்கத்து வார்மரில் இருந்த சிஸ்டர் வந்து என் கையை விலக்கிவிட்டு, ஒரு கையைத் தலையில் குடை மாதிரி கவிழ்த்து, இன்னொரு கையால் இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். ஆட்டவில்லை, தடவவில்லை. இரண்டு நிமிடத்தில் 94. "அவன் நாலு வாட்டி போதும் போதும்னு சொன்னான். நீ எண்ணிக்கிட்டே இருந்தே" என்றார். படிப்பில் வராத பாடம் அது. அன்றிலிருந்து நான் தாளில் எண்ணிக்கை எழுதுவதில்லை.

அந்த சிஸ்டர் பிடித்த பிடியைத்தான் உங்கள் பிசியோ அக்காவும் பிடிக்கிறார். குத்தி ரத்தம் எடுக்கும்போதும், ட்யூப் மாற்றும்போதும் இப்படிப் பிடித்துக்கொண்டால் வலி தாங்கும் சக்தி கூடுகிறது, சீக்கிரம் அடங்குகிறாள். இதை நீங்களே செய்யலாம். நாளைக்கே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கையைக் கழுவி, உரசிச் சூடாக்கிக்கொண்டு, முதலில் குரல் கொடுங்கள். பிறகு கையை வையுங்கள், அழுத்தாமல், ஆனால் கை இருப்பது தெரிகிற கனத்தோடு. விரல் நுனியால் வருடாதீர்கள். வருடல் நமக்குக் கொஞ்சல், அவளுக்கு அது பூச்சி ஊர்கிற மாதிரி. எடுக்கும்போது ஒரு கையை முதலில், சற்றுப் பொறுத்து இன்னொன்றை.

அவள் "போதும்" சொல்வதை நீங்கள் படிக்கப் பழகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். விரலை விசிறி மாதிரி விரிப்பது, கொட்டாவி, தும்மல், விக்கல், நெற்றி சுருங்குவது, முதுகை வில்லாக வளைப்பது, நிறம் மாறுவது, கண்ணை எங்கோ நிலைகுத்தி வைப்பது. இதில் ஒன்று வந்தால் கையை எடுக்க வேண்டாம், அசைக்காமல் வைத்து நிறுத்துங்கள். கை வாய்க்குப் போகிறது, காலை மடித்து எங்கேயாவது ஊன்றிக்கொள்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது, முகம் தளர்ந்திருக்கிறது என்றால் தொடரலாம்.

அப்படியானால் கை காலை மடக்கி நீட்டுவது எதற்கு? அதற்கும் அர்த்தம் உண்டு. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல்நிலை சீரான குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்கு 15 நிமிடம், 10 நாள். நிதானமான அழுத்தத்தோடு தேய்த்துக் கொடுத்து, நடுவில் கை காலை மெதுவாக மடக்கி நீட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட நாள் ஒன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. பாலை அதிகமாகக் கொடுத்ததால் வந்த எடை இல்லை அது. ஆனால் "உடல்நிலை சீரான" என்ற வார்த்தையை விட்டுவிட்டுத்தான் பலர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். குழந்தையைத் தூண்டிவிடும் பயிற்சிகளை ஸ்டிமுலேஷன் பேக்கேஜ் என்று விற்கிறவர்கள் குறிப்பாக. சிபாப்பில் இருக்கிற குழந்தைக்கும், நேற்று ரத்தம் ஏற்றிய குழந்தைக்கும், நன்றாகத் தூங்குகிற குழந்தைக்கும் அது பொருந்தாது. எந்த நாள் செய்ய வேண்டும், எந்த நாள் திரும்பிப் போக வேண்டும் என்று பார்க்கிற கண்ணுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று, எலும்பு. குழந்தையின் எலும்பில் சேரும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி கடைசி 3 மாதத்தில்தான் தாயிடமிருந்து போகிறது. அந்த மாதங்களைத் தவறவிட்டவள் உங்கள் மகள். காலை இழுத்தாலோ முறுக்கினாலோ எலும்பு முறிகிற அபாயம் நிஜமானது. உருவுவது, உதறுவது, கையைப் பிடித்துத் தூக்குவது எதுவும் வேண்டாம்.

நெஞ்சைத் தட்டுவது பற்றி. எதிர் வீட்டுக் குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, என்ன பிரச்சினை என்று தெரியாமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொன்னால், சளி சேர்ந்து நுரையீரலின் ஒரு பகுதி அடைத்துக்கொண்டால், டாக்டர் சொல்லி, படுக்கும் நிலையை மாற்றி, தேவைக்கு மட்டும் செய்கிற காரியம் அது. தினப்படி வேலையாக வைத்துக்கொள்வதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1990-களின் தொடக்கத்தில், 24 முதல் 27 வாரத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை மூளைச் சேதம் ஏற்பட்டது. முதல் வாரங்களில் அதிகமாக நெஞ்சு தட்டப்பட்டதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1998-ல் அங்குள்ள மருத்துவர்களே எழுதினார்கள். காரணம் அதுதானா என்ற விவாதம் பிறகும் நடந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை எங்கள் கையை விட்டுப் போகவில்லை. உங்கள் மகளுக்கு சிபாப்பும் எடுத்தாயிற்று, தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கணவர் வாங்கிய அட்டைகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வீணாகாது. புலன்கள் வளர்வதில் தொடுதல் முதலில், ஆட்டத்தை உணர்வது அடுத்து, பிறகு வாசனையும் ருசியும், அதற்குப் பின் காது, எல்லோருக்கும் கடைசியில் கண். 33 வாரத்தில் இமைத் தோல் மெலிசு, வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குவதே இப்போதுதான் கைவருகிறது. இன்குபேட்டரில் இருக்கிற குழந்தைகளுக்கு மேலே துணி போர்த்தியிருப்பது அதற்குத்தான். அட்டையெல்லாம் அவளுக்குக் குறித்த பிரசவத் தேதி நெருங்கிய பிறகு, தானாக விழித்திருக்கும் நேரத்தில், முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். அப்போதும் அட்டையைவிட உங்கள் முகம்தான் அவளுக்குப் பிடிக்கும். பாட்டுப் பொம்மை வேண்டவே வேண்டாம். என்.ஐ.சி.யூ.வில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60-ஐத் தொடும். போனில் தாலாட்டுப் போட்டுக் காதருகே வைக்கும் அப்பாக்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அன்பில் செய்வதுதான். பதிலாக அவர் குனிந்து, தணிந்த குரலில் இரண்டு நிமிடம் பேசட்டும். கோயம்பேடு போன கதை, கிரிக்கெட் ஸ்கோர், எதுவானாலும் சரி.

வாசனையில் உங்களுக்கு மட்டுமே முடிகிற ஒன்று இருக்கிறது. சுத்தமான சின்னத் துணித்துண்டு ஒன்றை இரவு மார்போடு வைத்திருந்து, சிஸ்டரிடம் கேட்டு அவள் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். ட்யூபில் பால் போகும்போது அந்த வாசனை மூக்கில் இருந்தால், பால், வாசனை, வயிறு நிறைவது மூன்றும் ஒன்றாகப் பதியும். போகும்போது மல்லிகைப்பூ, சென்ட், பவுடர் வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலான சிகிச்சையை இன்னும் நான் சொல்லவில்லை. நீங்களும் கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. கங்காரு பராமரிப்பு, சிஸ்டர்கள் கே.எம்.சி. என்பார்கள். உங்களுக்குக் கொடுக்கிறார்களா? இல்லையென்றால் நீங்கள் கேட்க வேண்டிய "அதிகம்" அதுதான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் போதாமல், குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சில் கட்டிவிட்டுத் தொடங்கியது. ஏழை ஊரின் சமாளிப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனே நெஞ்சில் போட்ட எடை குறைந்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகே போட்டவர்களில் 15.7 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை கொடுக்கச் சொல்லிவிட்டது.

பிசியோவின் கண்ணில் பார்த்தால் இதில் எல்லாமே இருக்கிறது. மடிந்த கை கால், நெஞ்சின் சூடு, நீங்கள் மூச்சு விடும்போது வரும் மெல்லிய ஆட்டம், இதயத் துடிப்பு, பால் வாசனை. முன்பக்கம் திறக்கிற நைட்டியோ சட்டையோ போட்டுக்கொண்டு போங்கள். அவளுக்கு டயப்பரும் தொப்பியும் போதும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாய் நெஞ்சில் குத்தாமல், காலை மடக்கி வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். ஒரு தரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது இருங்கள். 10 நிமிடத்தில் எடுத்துவிட்டால் தூக்கம் கலைந்ததுதான் மிச்சம். ஆபரேஷன் தையல் இழுக்கிறது, சாய்வு நாற்காலி வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்த வாரம் 34. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகத் தொடங்கும் வயது. ட்யூபில் பால் போகும்போது பால் பீய்ச்சி எடுத்த மார்பில் வாயை வைத்துச் சப்பவிடுவார்கள். கன்னம், உதடு, ஈறு என்று விரலால் சில நிமிடம் செய்யும் பயிற்சியும் உண்டு. அதைப் பிசியோவோ பயிற்சி பெற்ற சிஸ்டரோ செய்யட்டும், நீங்களாக வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். பிறகு சங்கில் அல்லது பாலாடையில் கொடுக்கச் சொல்லித் தருவார்கள். அவசரப்பட வேண்டாம், சில குழந்தைகள் 36 வரை எடுத்துக்கொள்வார்கள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் வருகிறது, மறக்கக் கூடாதது. விழித்திரைப் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் முதல் சோதனை ஆகிவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. டாக்டரிடம் தேதி கேளுங்கள். அன்று அவள் களைத்துப் போவாள், எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம், நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் காது சோதனையும். என்.ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு, ஒலி மூளை வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனைதான் சரி என்று நினைவில் வையுங்கள்.

மாமியாரிடம் என்ன சொல்வது? அவர் சொல்வதில் பாதி சரி என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். தொடுவதும் தேய்ப்பதும் குழந்தைக்கு நல்லது என்று நம் பாட்டிகள் எந்த ஆய்வும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டியது மூன்று கிலோ குழந்தையை. வீட்டுக்கு வந்து, எடை 2 கிலோவைத் தாண்டி, டாக்டர் சரி என்ற பிறகு தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி அவரே தேய்க்கட்டும். பால் குடித்தவுடன் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்துவிடுவது, தலைகீழாகப் பிடிப்பது, சாம்பிராணிப் புகை, நாக்கில் வசம்பு இவை கிடையாது. தூளியும் முதல் சில மாதம் வேண்டாம். அதில் முகவாய் நெஞ்சில் மடிந்து மூச்சுக்குழல் அடைபடலாம். தூங்க வைப்பது மல்லாக்க, சமமான படுக்கையில். என்.ஐ.சி.யூ.வில் குப்புறப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே மானிட்டர் இருக்கிறது. இதையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னால் அவருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அதனால் அனுமதி கேட்டு, ஒரு நாள் அவரையும் கங்காருவுக்கு உட்கார வையுங்கள். அப்பாவும் பாட்டியும் கொடுக்கலாம், உங்களுக்கும் ஓய்வு. பேத்தி நெஞ்சில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தபின் எந்தப் பாட்டியும் தலைகீழாக உதறுவதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மூளையில் ஏற்பட்ட சேதத்தைப் பிசியோதெரபி அழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு ஸ்கேன் நார்மல், நல்ல செய்தி. ஆனாலும் பின்தொடர் பரிசோதனைகளை விடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம். உங்களுக்கு எது பக்கம் என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயதைக் கணக்கிடும்போது 2 வயது வரை, அவள் முந்திப் பிறந்த 10 வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முடிந்தும் குப்புற விழவில்லையே என்று பக்கத்து வீட்டில் கேட்டால், அவளுக்கு மூன்றரை மாதம்தான் ஆகிறது என்று சொல்லுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள், பிறந்த தேதிதான்.

டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதி ஒன்று இருக்கும் இல்லையா, அதைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதிலிருந்து 3 மாதம் கழித்து, அவள் பால் குடித்து, அழாமல் விழித்திருக்கும் நேரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, கையும் காலும் தெரிகிற மெலிசான உடையில், பொம்மை காட்டாமல், யாரும் பேச்சுக் கொடுக்காமல் 3 நிமிடம் வீடியோ எடுங்கள். அந்த வயதில் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் எல்லாத் திசையிலும் சின்னச் சின்னதாகத் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துள்ளல் இருக்கிறதா என்று பார்த்தே பெருமூளை வாதத்தின் ஆபத்தை முன்கூட்டிக் கணிக்கிற முறை இருக்கிறது. வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம். "தூங்கட்டும்" என்று போனாரே, அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.